திரும்பப் பெறக்கூடிய மாற்றமும் பெறமுடியாத மாற்றமும்: சிறு இணைய நிறுவனத்தின் மென்பொருள் நடைமுறை குறித்து

சிறிய இணைய நிறுவனம் தன் மென்பொருள் பணியை எப்படி ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடத்தில் நடைமுறை எதற்கு, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் போதாதா என்பது ஒன்று. ஸ்க்ரம் போன்ற மென்பொருள் பணி முறையை அதன் கூட்டங்களோடும் பொறுப்புப் பெயர்களோடும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே ஆள் எண்ணிக்கையை வைத்து அளக்கின்றன. ஆனால் பார்க்க வேண்டியது, செய்த மாற்றம் தவறாகிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதைத்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்கியதும், ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து உறையவைத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கிறார்கள். கார்பனோ மாங்கனீஸோ குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்பரஸ் கூடியிருந்தால் அந்த உலையில் அதைக் குறைப்பது மிகக் கடினம். ஆகவே கண்காணிப்பு ஸ்கிராப் வந்து இறங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வோர் உருக்கலுக்கும் ஒரு ஹீட் நம்பர். பின்னாளில் ஒரு கம்பி குறைப்பட்டால் எந்த உருக்கல் என்று தேடிப்போக அதுதான் வழி. அதே ஆலையில், பில்லட்டை யார்டின் எந்த மூலையில் அடுக்குவது என்பதற்கு யாரும் சோதனை வைப்பதில்லை. ஓர் ஆலைக்குள்ளேயே இரண்டு எடையில் நடைமுறை இருக்கிறது. இரண்டும் அதனதன் இடத்தில் சரி.

இணையச் சேவையில் பெரும்பாலான வேலை யார்டு வேலையைப் போன்றது. திரையில் ஒரு பட்டனை இடம் மாற்றினால், பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்பைச் சில நிமிடங்களில் திருப்பிவிடலாம். 2009-இல் படப் பகிர்வுத் தளமான ஃப்ளிக்கரின் பொறியாளர்கள் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் புதிய நிரலை வெளியிடுவதாக அறிவித்தபோது பலரும் திகைத்தார்கள். சிறிய மாற்றம், உடனடி வெளியீடு, உடனடித் திருத்தம் என்ற அந்த வழக்கம் இன்று இயல்பாகிவிட்டது. இப்படிப்பட்ட மாற்றத்துக்கு மூன்று பேர் ஒப்புதல் கேட்பது வீண்.

ஆனால் இதே சிப்காட் ஆலைகளுக்கு இணையவழி பில் மென்பொருள் எழுதும் நான்கு பேர் நிறுவனம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். சென்னை வியாபாரி வாங்கும் கம்பியை, அவர் சொன்னபடி லாரி நேரே ஸ்ரீசிட்டியில் இறக்குகிறது. சரக்கு மாநில எல்லையைக் கடந்தாலும், சட்டப்படி வழங்கல் இடம் என்பது வாங்கியவரின் முதன்மைத் தொழிலிடம் அமைந்த தமிழ்நாடுதான். ஆகவே மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டும் சேர்த்துப் போட வேண்டும். நிரல் எழுதியவர் இறக்கும் முகவரியின் மாநிலத்தை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடான 33 வர வேண்டிய இடத்தில் ஆந்திரத்தின் 37 வந்து, ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விழுந்துவிடும். நிரலின் ஒரே ஒரு வரியில் நேர்ந்த பிழை. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் மின் விலைப்பட்டியல் கட்டாயம். அதன் பதிவெண்ணை இணையவாயிலில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். அதன் பிறகு கிரெடிட் நோட், புதிய பட்டியல், வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவில் குழப்பம். நிரலைப் பழைய பதிப்புக்குத் திருப்ப இரண்டு நிமிடம் போதும்; வெளியே போய்விட்ட பட்டியல்கள் அப்படித் திரும்புவதில்லை. இங்கே தேவைப்படுவது ஊற்றுவதற்கு முன் எடுக்கும் சாம்பிள்: இன்னொருவரின் பார்வை, உண்மையான முகவரிச் சேர்க்கைகளை வைத்த சோதனை, எந்தப் பட்டியலை எந்தப் பதிப்பு உருவாக்கியது என்ற பதிவு.

இதற்கு எதிராக வலுவான ஒரு கேள்வி உண்டு. இரண்டு எடை வைத்தால், அவசரத்தில் எல்லோரும் தங்கள் மாற்றத்தை இலகுவானது என்றே சொல்லிக்கொள்ள மாட்டார்களா? சொல்வார்கள். அதனால் அந்த முடிவை நிரல் எழுதுபவரின் மனநிலைக்கு விடக்கூடாது. நிரலின் இடத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். தரவுத்தள அட்டவணை அமைப்பு, வரிக் கணக்கு, பணப் பரிமாற்றம், அழிக்கும் கட்டளை, வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல் ஆகியவற்றைத் தொடும் எதுவும் தானாகவே கனமான வழியில் போகட்டும். கனமான வழியில் போவது எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் வாடிக்கையாளர் உதவிச் சேவை. 2011-இல் தொடங்கிய சார்ஜ்பீ சந்தா பில் சேவை. ஏறத்தாழ ஒரே காலம், ஒரே ஊர் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே நடைமுறையைப் பரிந்துரைப்பது, தொடும் பொருளைப் பார்க்காமல் மருந்து எழுதுவதாகும்.

திரும்பப் பெறமுடியும் என்ற நம்பிக்கையே பொய்யாகப் போவதும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளம் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். காப்பு நகல்கள் இருந்தன, ஆனால் காகிதத்தில். தினசரி நகலெடுப்பு, மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் யாருக்கும் வந்து சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட தரவு போய்விட்டது. அழித்தவரைக் குற்றம் சொல்வது எளிது, பயனில்லாதது. நிறுவனம் முழு விவரத்தையும் பெயர் சொல்லாமல் வெளியிட்டதைப் பாராட்ட வேண்டும். நமக்கு இவ்வளவு தெரிவது அதனால்தான்.

நான்கு பேர் நிறுவனம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தினசரிக் கூட்டத்தையோ புதிய மென்பொருள் கருவியையோ அல்ல. மாதம் ஒருமுறை காப்பு நகலை வேறொரு கணினியில் முழுதாக விரித்து, முந்தைய நாளின் ஏதாவது ஒரு பட்டியலைத் திறந்து, தொகையும் மாநிலக் குறியீடும் பதிவெண்ணும் சரியாக வருகின்றனவா என்று ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. அதை முறை வைத்து நால்வரும் செய்ய வேண்டும், நகலெடுக்கும் நிரலை எழுதியவர் மட்டும் அல்ல.