பதினாறு வயதும் இரண்டு சக்கரமும்

சாலை விபத்துகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் காரிலிருந்து தொடங்குவது வழக்கம். மலேசியாவைப் பொறுத்தமட்டில் அது பொருந்தாத் தொடக்கம் என்பது என் கருத்து. 2016-ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 7,152 பேர். அவர்களுள் பத்தில் அறுவருக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே, நம் இளையோரைச் சாலை பலிகொண்ட கதையும் இரண்டு சக்கரத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

1958-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அந்நிறுவனத்தின் வண்டிகளை இங்குக் கொணர்ந்து விற்கத் தலைப்பட்டார். பின்னாளில் எல்லா இனத்தவரும் 'கப்சாய்' என்று செல்லமாக அழைத்த அவ்வண்டி, வெகு விரைவில் ஏழையின் வாகனமாயிற்று. எழுபதுகளில் பாயான் லெப்பாஸ், பிறை, ஷா ஆலம் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் எழும்பின. தோட்டத்துப் பிள்ளைகள் பால்மரத்தைத் துறந்து ஆலை வேலையை நாடினர். பேருந்து எட்டாத செம்மண் பாதையிலிருந்து அவர்களை வெளியுலகுக்குக் கொண்டுசென்றது தவணைப் பணத்தில் வாங்கிய அந்த வண்டியே. கார் ஓட்டப் பதினேழு வயது நிரம்பவேண்டும் என்னும் சட்டம், மோட்டார் சைக்கிளுக்குப் பதினாறே போதும் என்கிறது.

உயிர்காக்கும் முயற்சிகளும் பின்தொடர்ந்தன. 1973-இல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனாக மோட்டார் சைக்கிளோட்டிகளின் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததெனப் பின்னர் ஓர் ஆய்வு கணித்தது. ஆயின், கவசத்தை அணிந்து மோவாய்ப் பட்டையை மாட்டாமல் விடும் பழக்கம் மட்டும் இன்னும் ஒழிந்தபாடில்லை. பட்டை மாட்டாத கவசம், தலை தரையில் மோதுமுன்பே கழன்று ஓடிவிடும் என்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதே எழுபதுகளின் தொடக்கத்தில், உலக வங்கியின் உதவியோடு அமைந்த திட்டமொன்றில், கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதை போடப்பட்டது. உலகிலேயே இவ்வகையில் முதலாவதென மதிக்கப்படுவது அது. லாரியையும் சிறுவண்டியையும் ஒரே தடத்தில் ஓடவிடாமற் பிரித்ததே அதன் சிறப்பு. தொண்ணூறுகளில் அப்பாதை மேலும் நீட்டப்பட்டது.

மூன்றாவது முயற்சி கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும். 1992 ஜூலையில், பட்டப்பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிடுமாறு அரசாங்கம் இயக்கம் தொடங்கியது. செப்டம்பரில் அது சட்டமாயிற்று. சந்திப்பில் திரும்பும் காரோட்டி, எதிரே வரும் மெல்லிய வண்டியைக் காணத் தவறுவதே பகல்நேர மோதல்கள் பலவற்றுக்குக் காரணம். கண்ணிருந்தும், பெரிய வண்டிகளைத் தேடும் கண் சிறியதைத் தவறவிட்டுவிடுகிறது. சிரம்பானிலும் ஷா ஆலத்திலும் நிகழ்ந்த விபத்துகளை ஆராய்ந்த செர்டாங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராடின் உமாரும் அவர்தம் தோழரும், இத்தகைய விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததைக் கண்டனர். செலவென்று பார்த்தால் ஒரு விளக்கின் தேய்மானம்தான்!

கவசமும் பாதையும் விளக்கும் எல்லா வயதினர்க்கும் பொதுவானவை. பதினாறு வயதினனுக்கே உரிய ஆபத்தை அவை தொடவில்லை. அவ்வாபத்து யாது? கை பழகாதிருப்பது ஒன்று. இரவும், நண்பர் கூட்டமும் அதனோடு சேர்வது மற்றொன்று. பக்கத்தில் ஒத்த வயதினர் ஏற ஏற, இளங்காரோட்டியின் உயிரபாயமும் ஏறுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதனை முன்னரே எண்ணிப் பார்த்தவர், வட கரோலினா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பட்ரிசியா வாலர் அம்மையார். எழுபதுகளிலேயே அவர், உரிமத்தை ஒரே நாளில் முழுதாகக் கொடுக்காமல் படிப்படியாகக் கொடுக்கவேண்டும் என்றார். அவருடைய மாநிலம் அதனை ஏற்க 1997 வரை ஆயிற்று. உலகில் முதன்முதலாக முழுமையாக நடைமுறைப்படுத்திய நாடு நியூசிலாந்து. 1987 ஆகஸ்ட் முதல் நாள் அங்கு அத்திட்டம் தொடங்கியது. கற்றுக்கொள்வோர் நிலையைக் கடந்த இளைஞன், இரண்டாம் படியில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டலாகாது. அனுபவமிக்கவர் உடனிருந்தாலன்றி நண்பர்களையும் ஏற்றலாகாது. அதன்பின் 15 முதல் 19 வயது வரையிலானோரின் கார் விபத்துக் காயங்கள் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தன. இளையோர் முன்னினும் குறைவாக ஓட்டியதும் இதற்கு ஒரு காரணமே. அதனால் குறையொன்றுமில்லை.

மலேசியாவிலோ புதிய ஓட்டுநர் ஈராண்டுக்காலம் 'பி' என்னும் எழுத்தை வண்டியில் ஒட்டிச் செல்கின்றார். பிழை புரிந்தால் உரிமம் பறிபோகலாம். ஆனால் நேரத்தையும் துணையையும் அவ்வெழுத்து கட்டுப்படுத்துவதில்லை. 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் பின்னிரவில் ஜொகூர்பாருவில் சைக்கிளில் சென்ற பதின்ம வயதினர் எண்மர் கார் மோதி இறந்தனர். அவர்களுக்கு எந்த உரிமமும் தேவையில்லை என்பது உண்மையே. எனினும் இரவும் கூட்டமும் ஒன்றுசேர்ந்த வேளை அது.

இரவுத்தடை ஏழை வீட்டுப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கும் என்று சிலர் வாதிப்பர். இரவுமுறை வேலைக்குச் செல்லும் ஆலைத் தொழிலாளியை எண்ணினால் அவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. அமெரிக்க மாநிலங்கள் பல, வேலைக்குச் சென்று திரும்பும் இளையோருக்கு விலக்களித்தே சட்டம் இயற்றியுள்ளன. அதுபோன்ற விலக்கோடு இங்கும் ஒரு படிமுறை வகுக்க இடமுண்டு. இன்றைய நிலையில், பதினாறு வயதுப் பையன் உரிமம் பெற்ற அன்றிரவே பின்னிருக்கையில் நண்பனை ஏற்றிக்கொண்டு எந்நேரத்திலும் புறப்படலாம்.