தாகமும் தொழிலும்: காளிமார்க் கடந்து வந்த பாதை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி கோடையின் கடுமையை நன்கறிந்த நிலம். சித்திரைத் திருவிழாக்களில் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, நீர்மோரும் பானகமும் வழங்குவது இங்கு நெடிய வழக்கம். காலப்போக்கில் அப்பந்தலுக்கு அருகிலேயே பெட்டிக்கடையும் தோன்றிற்று. அதன் மரத்தட்டில் கோலிசோடாவும் 'கலரும்' இடம்பெற்றன. விருந்தினர் வந்தால் வீட்டுச் சிறுவனிடம், "ஓடிப்போய்க் கலர் வாங்கி வா" என்று காசு கொடுத்தனுப்புவது விருந்தோம்பலின் ஒரு கூறாயிற்று. அறமாக வழங்கப்பட்ட நீர் விலைப்பொருளாகவும் மாறிய இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளக் காளிமார்க் நிறுவனத்தின் கதை பெரிதும் துணை செய்யும். விருதுநகரில் தோன்றித் தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் பரவி, இச்சமவெளியின் கடைகளையும் எட்டிய குடும்பத் தொழில் அது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில், பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் இத்தொழிலைத் தொடங்கினார். அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய அவ்வூர் வளமான ஆற்றுப்பாசனம் அற்றது; வணிகத்தையே நம்பி வாழ்ந்தது. மறுபுறம், வளிநீர்த் தொழிலில் சென்னை ஸ்பென்சர் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் பெயர் பெற்றிருந்தன. அச்சூழலில் சிற்றூர் வணிகர் ஒருவர் இத்துறையில் இறங்கியது துணிவான செயலே எனலாம்.

இத்தொழிலின் அடிப்படை எளிது. குளிர்ந்த நீரில் கரியமில வாயுவை அழுத்திக் கரைத்தால் சோடா கிடைக்கும். சர்க்கரைப்பாகும் மணமும் நிறமும் சேர்ந்தால் அது கலராகும். கரைந்த வாயு வெளியேறாமல் காப்பதே கடினம். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் உருவாக்கிய கோலிப்புட்டி அதற்கு வழி கண்டது. புட்டிக்குள் இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி வாயை அடைத்துவிடும். தனி மூடி தேவையில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் கோலி உள்ளிறங்கும்.

ஊர்தோறும் சோடாத் தொழிற்கூடங்கள் தழைத்தமைக்கும் இப்புட்டியே காரணம். கண்ணாடி கனமானது, உள்ளிருக்கும் பானமோ மலிவானது. வெற்றுப்புட்டி மீண்டும் ஆலைக்குத் திரும்பினால்தான் தொழில் நடக்கும். ஆகவே நெடுந்தொலைவுக்கு அனுப்பினால் வண்டிக்கூலியே ஆதாயத்தை விழுங்கிவிடும். விற்பவரும் வாங்குபவரும் அருகருகே இருக்க வேண்டியிருந்தது. தொலைவு, சிறு முதலாளிக்கு வேலியாக நின்று காத்தது. ஓர் ஊர் ஆலையின் பானம் எல்லா ஊர்களையும் எட்ட இயலாத அக்காலத்தில், காளிமார்க் குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் வெவ்வேறு ஊர்களில் ஆலைகளை நிறுவியே தொழிலை வளர்த்தனர். 1950களின் இறுதியில் அறிமுகமான பொவண்டோ, திராட்சைச் சாயல் கொண்ட தன் சுவையால் தமிழர் நாவில் தனியிடம் பெற்றது.

தில்லியின் கொள்கைகளும் இத்தொழிலின் போக்கை மாற்றின. அயல்நாட்டு முதலீட்டுக்கு வரம்பு விதித்த சட்டத்தை ஏற்க மறுத்துக் கோக்கக் கோலா 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தில் தம்ஸ் அப், கேம்ப்பா கோலா முதலியவை வளர்ந்தன. தாராளமயத்தின் வாயிலாகப் பெப்சி 1990இல் நுழைந்தது. கோக்கக் கோலாவும் 1993இல் திரும்பியது. அதே ஆண்டில் பார்லே நிறுவனம் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகிய பெயர்களைக் கோக்கக் கோலாவுக்கு விற்றது. தம்ஸ் அப் நிலைத்தது. கோல்டு ஸ்பாட் கடைகளிலிருந்து மறைந்தது. பெயரை விற்றபின் அதன் வாழ்வும் சாவும் பிறர் கையில் என்பதற்கு இதுவே சான்று. பொவண்டோவின் பெயரோ குடும்பத்திடமே நின்றது.

எனினும் காளிமார்க்கைப் போன்ற நிறுவனங்களுக்குப் பெரும் சோதனை ஞெகிழிப் புட்டியால் வந்தது. எடை குறைந்த அப்புட்டி ஆலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல், சங்ககிரி சாலைகளில் எவ்வளவு தொலைவிலிருந்தும் பானம் வந்து இறங்கலாம். தொலைவு என்னும் வேலி சாய்ந்தது. விளம்பரத்துக்குக் கோடிகளும், கடைகளுக்குக் குளிர்பெட்டியும் தரவல்லவர்களுக்கே அது வாய்ப்பாயிற்று. பல சிறு சோடாத் தொழிற்கூடங்கள் மூடப்பட்டன. காளிமார்க்கும் ஞெகிழிப் புட்டிக்கு மாறியே பிழைத்தது.

சல்லிக்கட்டுக் கிளர்ச்சியைத் தொடர்ந்து, 2017 மார்ச்சு முதல் நாள் தொட்டு அயல்நாட்டுப் பானங்களை விற்பதில்லை எனத் தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மக்கள் பார்வை மீண்டும் பொவண்டோவின் பக்கம் திரும்பியது. ஆனால் உணர்ச்சியின் அலை ஓயும். ஆண்டு முழுதும் கடைக்காரரின் தட்டில் இடம்பெறும் பானமே வாழும். இன்று போட்டி அயலாரோடு மட்டும் நின்றுவிடவில்லை. 2022இல் கேம்ப்பாவை வாங்கிய ரிலையன்சு, மறு ஆண்டே அதைக் குறைந்த விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வரியும் அளவு பார்ப்பதில்லை: 2017 சூலையில் 28 விழுக்காட்டு வரியும் 12 விழுக்காட்டுக் கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டன, 2025 செப்டம்பரில் அவை ஒரே 40 விழுக்காடாயின. ஆதலின் உள்நாடு, அயல்நாடு என்னும் பகுப்பைவிடப் பெரிது, சிறிது என்னும் பகுப்பே இத்தொழிலின் இன்றைய நிலையை நன்கு விளக்கும்.

நூறாண்டு கடந்த ஒரு பெயர் நிலைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதனோடு வளர்ந்து, பெயரும் எஞ்சாமல் மறைந்த தொழிற்கூடங்களையும் வரலாறு கணக்கில் கொள்ளல் வேண்டும். அன்று கலர் வாங்கச் சென்ற சிறுவன், குடித்து முடித்த புட்டியைக் கடைக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். அவ்வழியே ஆலைக்கும் கடைக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் உறவு நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது. இன்று புட்டி திரும்புவதில்லை. அவ்வுறவை வேறு எவ்வகையில் தக்கவைப்பது என்பதே எஞ்சி நிற்கும் குடும்பத் தொழில்களின் முன்னுள்ள வினா.