அளவு பொது, கேள்வி ஊருக்குரியது

புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற முதியோர் எழுத்தறிவு இயக்கம் என்றதும் சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்களையும் கல்குவாரிக் குத்தகை எடுத்த பெண்களையும் சொல்வோம். அங்கே தேர்வு எப்படி நடந்தது என்பதைப் பேசுவதில்லை. பொதுத்தேர்வுக்கு மாற்று தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் நாடு முழுவதற்கும் ஒரே அளவை வகுத்திருந்தது. நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பார்த்து எழுதுவதில் 7 சொற்கள், சொல்லக் கேட்டு எழுதுவதில் 5. மூன்று இலக்கக் கூட்டல், கழித்தல் வேண்டும். சிறு மனுவும் படிவமும் எழுத வரவேண்டும். பாடநூல்கள் மூன்று, தேர்வுகள் அவற்றுக்குள்ளேயே இருந்தன. சொல்லிக்கொடுத்த தொண்டரே பக்கத்தில் இருந்து எழுதவைத்தார். தேறாதவர் திரும்பப் படித்துத் திரும்ப எழுதலாம். அளவு டெல்லியில் வகுத்தது. அளந்த கை உள்ளூர்க் கை.

பள்ளிக்கு இந்த முறை பின்னால்தான் வந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடர் மதிப்பீட்டை வலியுறுத்தியது. 2012-13-இல் தமிழகம் முப்பருவ முறையோடு அதை எட்டாம் வகுப்புவரை கொண்டுவந்தது. பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண். செயல்பாடு, சிறுதேர்வு என்று ஆசிரியர் கைக்கு 40. இடையில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்த அரசு, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 2025-இல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீங்கியது.

தேர்வை நீக்கியதோடு வேலை முடிந்துவிடாது. அந்த 40 மதிப்பெண் பதிவேட்டை நிரப்புவதற்காக என்றாகிவிட்டால் பயனில்லை. கேள்வி ஊரிலிருந்து எழ வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைக்கு மீன் ஏலக் கணக்கும், ஆலங்குடிப் பிள்ளைக்கு முந்திரி எடைக் கணக்கும் கேள்வியாக வரலாம். இரண்டும் சோதிப்பது ஒரே பெருக்கலைத்தான்.

‘உள்ளூர் ஆசிரியர் தாராளமாகப் போட்டுவிடுவாரே’ என்பது நியாயமான ஐயம். அதற்கு மாநில வினாத்தாள் தேவையில்லை. எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவு பெற்றோருக்கும் தெரியட்டும். குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் விடைத்தாள்களை மாற்றித் திருத்திப் பார்க்கட்டும். ஆசிரியர் பயிற்சி பெறாத தொண்டர்களை நம்பி அளக்கச் சொன்ன மாவட்டம் புதுக்கோட்டை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நம்ப அது தயங்க வேண்டியதில்லை.