கையும் இயந்திரமும்: கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழில்

கரிசல் காடு ஒருபோக நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைத்தால், தையிலும் மாசியிலும் வெள்ளாமை வீடு வந்துவிடும். அதன்பின் ஆவணி வரை நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கைகளுக்கு வேலை இராது. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேர்பிடித்ததற்கு இந்த வெறும் மாதங்களே முதற்காரணம். இரண்டாவது காரணம் வெயில். மருந்தில் முக்கிய குச்சியை ஈரக்காற்றுள்ள ஊரில் உலர்த்த வேண்டுமானால் சூடேற்றிய அறை தேவைப்படும்; இங்கே அந்த வேலையை வெயிலே பார்த்துவிடும். மரமோ, பொட்டாசியம் குளோரேட்டோ, பாஸ்பரஸோ இந்த மண்ணில் கிடைப்பதில்லை. எல்லாம் வெளியூர்ச் சரக்கு. வறட்சி ஒன்றுதான் உள்ளூர் முதல்.

தொழில் இங்கே வருவதற்குள் அதன் மிகக் கொடிய கட்டம் வேறு நாடுகளில் முடிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி செய்தவர்களுக்குத் தாடையெலும்பு அழுகியது. 1888-இல் லண்டன் பிரையண்ட் அண்ட் மே ஆலையின் பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பே, 1855-இல், சுவீடனின் யான்ஷேபிங் நகரில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் பாதுகாப்புத் தீக்குச்சியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தனர். குச்சித் தலையில் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் என்று மருந்தை இரண்டாகப் பிரித்ததுதான் அதன் நுட்பம். நல்ல மாற்று கையில் இருந்தும் நச்சுக்குச்சி பல பத்தாண்டுகள் விற்றது. அதை நிறுத்த 1906-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும், இந்தியாவில் 1913-ஆம் ஆண்டின் தடைச்சட்டமும் தேவைப்பட்டன.

1922-இல் இந்திய அரசு தீப்பெட்டி இறக்குமதி வரியைக் குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. குரோஸ் என்றால் 144 பெட்டி. இங்கே தீப்பெட்டி விற்றுவந்த சுவீடன் கம்பெனி வரிச்சுவருக்கு வெளியே நிற்காமல், உள்ளேயே ஆலை கட்ட முடிவு செய்தது. 1923-இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, பிறந்தது. வடசென்னையின் விம்கோ நகர் அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே வரியின் நிழலில்தான் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் தீப்பெட்டி ஆலை தொடங்கினர். ஜெர்மனி இயந்திரங்களோடு தொடங்கியவர்கள், கையால் செய்வது மலிவு என்று கண்டு அந்த வழிக்கு மாறினார்கள். இயந்திரம் தெரியாததால் கைவேலை நிலைத்தது என்பது பரவலான எண்ணம். உண்மை வேறு: இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, கணக்குப் போட்டு, அதை ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கில் ஒரு பக்கம் கூலி மிகக் குறைவாக இருந்தது.

சிவகாசியில் கற்ற வேலை அடுத்த பத்தாண்டுகளில் கோவில்பட்டிக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் பரவியது. மதுரைக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட ரயில்பாதையில் ஊர் இருந்தது சரக்கு வரவும் போகவும் தோதாயிற்று.

தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லப்படும் பட்டறையின் அமைப்பைத் தீயே தீர்மானித்தது. மருந்து கலக்கும் அறை தனி, முக்கும் அறை தனி, அடைப்புக் கொட்டகை தனி; ஒன்றில் பற்றினால் மற்றதற்குத் தாவாதபடி இடையே வெளி. குச்சி அடுக்குவோரும் பெட்டி அடைப்போரும் நீண்ட கொட்டகைத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அடுக்கும் சட்டத்தில் பள்ளம் வெட்டிய மரப்பட்டைகள் ஏறக்குறைய ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் ஐம்பது குச்சிகளைத் தனித்தனியாகப் பதிக்க வேண்டும். ஒரு சட்டம் நிறைய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முறை விரல் அசைய வேண்டும். கூலி அதன்பிறகே கணக்கில் ஏறும். நிறைந்த சட்டத்தின் முனைகள் முதலில் மெழுகிலும் பிறகு மருந்திலும் முங்கும். எரியக்கூடியது எது என்பதைச் சிந்தித்துக் கட்டப்பட்டவை இந்தக் கட்டடங்கள். காலைமுதல் குனிந்து உட்காரும் முதுகையும், குளோரேட் தூசியை இழுக்கும் மூச்சையும் அவற்றின் வரைபடம் கணக்கில் எடுக்கவில்லை.

பெட்டி ஒட்டும் வேலை ஆபீஸுக்குள் நடக்கவே இல்லை. அது வீட்டுத் திண்ணைக்குப் போனது. பசைச்சட்டியும் மரச்சீவலும், பிற்காலத்தில் அட்டையும், வீட்டின் ஒரு பகுதியாயின. அங்கே எந்த ஆய்வாளரும் எட்டிப்பார்க்க முடியாது.

கட்டடங்கள் ஏன் இத்தனை சிறிதாகவும் பலவாகவும் இருந்தன என்பதற்குத் தீயைவிடப் பெரிய காரணம் வரி. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமான பேண்ட்ரோல் காகிதத்தை முன்பணம் கொடுத்து வாங்கி ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்ட வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பிறகு, இயந்திர ஆலைக்கு அதிக வரி, கைத்தொழிலுக்குக் குறைந்த வரி, குடிசைத் தொழிலுக்கு இன்னும் குறைந்த வரி என்ற கொள்கை உறுதிப்பட்டது. காந்தியப் பொருளாதாரத்தின் சாயல் கொண்ட முடிவு இது: கோடிப் பெட்டிகளைக் கொட்டும் இயந்திரத்தைவிட, ஆயிரம் வீடுகளுக்குக் கூலி தரும் கை மேலானது. தொழில்நுட்பத்தின் அறத்தைப் பற்றி மேடையில் பேசுவோர் பலர். அதை வரி அட்டவணையாகவே எழுதிய நாடுகள் குறைவு. விம்கோவின் சந்தைப் பங்கு சரிந்தது. கரிசல் ஊர்களின் பங்கு ஏறியது.

ஆனால் சலுகை உற்பத்தி அளவைப் பார்த்துக் கிடைத்தது. ஒரே முதலாளி மனைவி, மைத்துனர், மகன் பெயர்களில் தனித்தனி உரிமம் எடுப்பது வழக்கமாயிற்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை இல்லாத இடத்தில் இருபது பேர் வேலைசெய்தால்தான் பொருந்தியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் கட்டாயமாக இருந்தது, 1976-க்குப் பின் முப்பது. தொழிலைச் சிறு துண்டுகளாக வைத்திருந்தால் வரியும் குறையும், கடமையும் குறையும்.

கைவேலையைக் காத்த கொள்கை யாருடைய கை என்று கேட்கவில்லை. 1938-இல் வந்த குழந்தைகள் வேலையமர்வுச் சட்டமே தீப்பெட்டிப் பட்டறைகளில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரைத் தடை செய்திருந்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கும் அளித்திருந்தது. அந்த விலக்கின் வழியே ஒரு தலைமுறையே போய்வந்தது. விடியுமுன்னே ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். பெண்பிள்ளைகளே அதிகம். 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஒரு வேளைச் சோறு பள்ளிக்கு அழைத்தது, துண்டுக்கூலி ஆபீஸுக்கு இழுத்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் எது வென்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

1980-களிலிருந்து இந்தக் குழந்தை உழைப்பு நாடறிந்த செய்தியானது. ஸ்மித்து கோத்தாரியின் 1983-ஆம் ஆண்டுக் கட்டுரையும், சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும் சிவகாசியைப் பேசின. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி ‘கருவேலம்பூக்கள்’ படத்தை இயக்கினார். வெளியிலிருந்து வந்த கேமராக்களுக்கு அகப்படாத வீட்டு நெருக்கடி அதில் இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய புதிய சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சோதனைகளும், சிறப்புப் பள்ளிகளும், மதிய உணவும், பேருந்து வசதியும், வேறு வேலைகளும் சேர்ந்து மெல்ல மெல்லக் கொட்டகையின் வயதை மாற்றின. சிறுமிகள் இருந்த இடத்தில் அவர்களின் தாய்மார் அமர்ந்தார்கள்.

விலை மலிந்த விரல்கள் போனதும், 1920-களில் ஒதுக்கப்பட்ட இயந்திரம் திரும்பி வந்தது. பெட்டி செய்தல், அடுக்குதல், முக்குதல் என்று படிப்படியாக இயந்திரம் நுழைந்தது. பிறகு முழுத் தானியங்கி ஆலைகளும் எழுந்தன. 2002-இல் தீப்பெட்டி வணிகத்தில் இறங்கிய ஐ.டி.சி., முதலில் சிறு ஆலைகளிலிருந்தே சரக்கு வாங்கியது. 2005-இல் விம்கோவே அதன் கைக்குப் போனது. 2015-இல் சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலிலிருந்து தீப்பெட்டி நீக்கப்பட்டது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 விழுக்காடு என்று பழைய வேறுபாடு தங்கியது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்று ஆக்கப்பட்டது. கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அரசு பிடித்திருந்த தராசு அன்றோடு கீழே வைக்கப்பட்டது.

இயந்திரம் மருந்துத் தூசியிலிருந்து பலரை விடுவித்தது. பலரின் துண்டுக்கூலியையும் அதே வேகத்தில் எடுத்துக்கொண்டது. வயதான பெண்களுக்குத்தான் இழப்பு அதிகம்: அரசின் ஊரக வேலைத்திட்டத்தைத் தவிர அவர்களுக்கு அருகில் வேறு வழி குறைவு.

பெட்டியின் விலை 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயானது. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை விலைகள் ஏறியதால் 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயாயிற்று. அதற்குள் பெட்டிக்கடைகளில் சீன லைட்டர் தொங்கத் தொடங்கியிருந்தது. கோவில்பட்டி உற்பத்தியாளர்களின் தொடர்ந்த கோரிக்கைக்குப் பின், 2022-இல் தமிழ்நாடு முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உதிரிப் பாகங்களாக இறக்கி இங்கே பூட்டி விற்பது தொடரவே, 2024-இல் அந்தப் பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது.