மிடற்றிசையும் உயிர்வளியும்

பொதியமலைத் தென்றல் உலவும் தென்பாண்டி நாட்டிலே, மதுநாதப் பெருமான் எழுந்தருளிய இலத்தூர், தென்காசிக்கு அணித்தாய் உள்ளது. அப்பகுதிக்குப் பெருஞ்சிறப்பாய் விளங்கும் திருக்குற்றாலத்திற்குத் திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய பதிகங்கள் இரண்டு. திருக்குற்றாலப் பதிகம் குறிஞ்சிப் பண்ணிலும், திருக்குறும்பலாப் பதிகம் காந்தாரப் பண்ணிலும் அமைந்தன. இவற்றைப் பண்ணொடு ஓதுவார்க்கு இன்றியமையாதது மூச்சை ஆளும் முறை. அதனைத் தமிழ்ச் சான்றோர் கண்டவாறு ஈண்டு ஆராய்வாம்.

எழுத்தொலிக்கு முதலாய் நிற்பது உந்தியினின்று எழும் வளி என்பது தொல்காப்பியர் கொள்கை. அவ்வளி தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்தனோடும் பொருந்தி வேறு வேறு எழுத்தாம் என்று அவர் பிறப்பியலுள் வகுத்தார். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லாரும் இவ்வெட்டனையே பெருந்தானம் என்றார். எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு என்னும் எண்வகைக் கிரியையாற் பண்ணப்படுதலின் பண் எனப் பெயராயிற்று என்பது அவர் உரை. மூலாதாரத்தினின்று எழும் நாதமே ஆளத்தியாகிப் பின்னர்ப் பண்ணாகும் என்பதும் அவர் காட்டியதே. ஆகலின், பாட்டு மிடற்றளவில் தோன்றி முடிவதன்று. உடல் முழுதும் அதற்குக் கருவியாம்.

இனி, பிராணாயாமம் பழகின் குரல் தானே அமையும் என்பாருளர். அஃது ஒருபுடையே பொருந்தும். திருமூல நாயனார் மூன்றாந் தந்திரத்துள் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என வரையறுத்தார். எனவே, யோகியர்க்கு அடக்கலே மிகுதி. பாடுவார்க்கோ எனின், வாங்கல் மிகக் குறுகும், விடுத்தலே நீளும். அடிக்கும் அடிக்கும் இடையே விரைந்து வாங்கிய மூச்சை ஓரடி முழுதும் சீராகச் செலவிடுதல் வேண்டும். யோகப்பயிற்சி மூச்சின்மேல் ஆட்சியைத் தரும். அதன் அளவைப் பாட்டே வகுக்கும்.

உடல்நூலார் கூறுவதும் இதற்கு அரண்செய்கின்றது. மூச்சு வாங்குங்கால் உதரவிதானம் கீழிறங்க, வயிறு முன்வரும், விலா விரியும். தோளை உயர்த்தி வாங்குவார்க்குக் கழுத்து இறுகும். விரிந்த விலா உடனே தளராதபடி தாங்கிப் பாடின், காற்று சிறிது சிறிதாக வெளிப்பட்டுக் குரல்நாண்களை நடுங்காது இயக்கும். இஸ்பானிய நாட்டிற் பிறந்த இசையாசிரியர் மானுவேல் கார்சியா, பல்மருத்துவர் கைக்கொள்ளும் சிறு கண்ணாடியைக்கொண்டு தம் குரல்நாண்களின் இயக்கத்தைத் தாமே கண்டது 1854ஆம் ஆண்டில். நம் இலக்கணநூலார் மிடற்றையும் வளியையும் உடன்வைத்து ஓதியது அதற்குப் பன்னூற்றாண்டு முற்பட்டதாம்.

இலத்தூர்க்கு அயலதாகிய செங்கோட்டையிற் பிறந்த கிட்டப்பா (1906–1933), ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகமேடையில் உச்சச் சுருதியிற் பாடிப் பெரும்புகழ் பெற்றார். இன்றோ மெல்லிய குரலையும் ஒலிபெருக்கி சேய்மைக்குக் கொண்டு செல்கின்றது. அதனால் மூச்சின் வன்மை குறைந்தாலும் தீங்கில்லை. முறைமை குறையின் பெருந்தீங்காம். குற்றாலம் என்னும் திருப்பெயரை மூச்சுப் போதாமையால் இடையறுத்துப் பாடின், பின்னிற்பது 'ஆலம்' என நஞ்சின் பெயராய் ஒலிக்கும். நமச்சிவாய என்பதனை இடையறுத்தலும் அன்னதே. ராகம் வழுவின் செவி வருந்தும். பதம் வழுவின் பொருளே கெடும். திருமுறை, இசைக்கு வாய்த்த வெறுஞ்சொல் அன்று. ஆன்மாக்கள் உய்தற்கு வந்த அருள்வாக்கு. ஆகலின், முதற்கண் பதம்பிரித்துப் பொருளுணர்தல், பின்னர் மூச்சு வாங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுதல், அதன்பின்னரே பண்ணிற் பாடுதல் என்னும் வரிசையைச் சிறார்க்குக் கற்பித்தல் வேண்டும்.

மழநாட்டு மங்கலவூரில் ஆனிரை காத்த ஆனாய நாயனார், கொன்றை மரத்தின் மருங்கு நின்று வேய்ங்குழலிலே திருவைந்தெழுத்தை இசைத்தார் எனச் சேக்கிழார் சுவாமிகள் விரித்தருளினார். குழலுக்குச் சொல் இல்லை. உள்ளது மூச்சு ஒன்றே. அம்மூச்சே ஐந்தெழுத்தாயிற்று என்றால், சொல்லும் பண்ணும் ஒருங்கு பெற்ற மிடற்றினர் தம் உயிர்வளியை எத்துணைப் போற்றிச் செலவிடல் வேண்டும் என்பதனைச் சைவ நன்மக்கள் சிந்தித்து உணர்வார்களாக.