மூன்று காலத்துச் சாவி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசியில் சாவிக்காரனுக்கும் சீசன்தான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் கூட்டம் நெரியும். குளிக்கப் போகிறவர்கள் பணத்தையும் செல்போனையும் காரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய சாவியை எங்கே வைப்பது? துண்டில் முடிந்துகொள்வார்கள், அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்வார்கள், கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே அருவிக்குள் நிற்பார்கள். திரும்பி வந்து பட்டனை அமுக்கினால் கார் அசையாது. "அண்ணாச்சி, சாவி செத்துப்போச்சு" என்று எனக்குப் போன் வரும்.

செத்துப்போச்சு என்பதை நான் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. இன்றைய கார் சாவிக்குள் மூன்று வேலைகள் குடியிருக்கின்றன. பூட்டைத் திருப்ப ஓர் இரும்பு, கதவைத் திறக்கச் சொல்ல ஒரு ரேடியோ, இன்ஜின் ஓட அனுமதி கொடுக்க ஒரு சிப். மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பயத்துக்காகப் பிறந்தவை. ஒன்று நின்றால் மற்ற இரண்டும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். எது நின்றது என்று பார்க்க, எது எப்போது எதற்காக வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலின் சரித்திரம் எனக்கு அரத்தையும் இடுக்கியையும் போல அன்றாடம் தேவைப்படுகிறது.

இரும்பின் காலம் என் அப்பாவுடையது. காசி விசுவநாதர் கோயில் பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு மரப்பெட்டி, ஒரு வைஸ், முக்கோண அரம், வட்ட அரம், தட்டை அரம். அக்கம்பக்கத்துக் கடைகளிலும் பழைய வீடுகளிலும் தொங்கியவை திண்டுக்கல் பூட்டுகள். மாங்காய்ப் பூட்டு என்பார்களே, அதற்குள் தகடு தகடாக லீவர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். கையால் செய்த பூட்டு என்பதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் தெருவுக்கே காப்பி வாங்கிக் கொடுத்திருப்பார்.

கார் என்றால் அப்போது அம்பாசடர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை கொல்கத்தா அருகே உத்தரப்பாராவில் தயாரித்த வண்டி. சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிளம்பும் ஏற்பாட்டை 1949-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி கொண்டுவந்திருந்தது. அதன் பிறகு கார் சாவியின் மதிப்பே வேறாகிவிட்டது. சாவி தொலைந்தால் கதவு மட்டுமல்ல, பயணமே நின்றுவிடும்.

அப்படி நின்ற வண்டிக்கு அப்பா புதுச்சாவி செய்த விதம் இன்றும் எனக்குப் பிரமிப்பு. வெட்டாத சாவியை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றுவார். பூட்டுக்குள் விட்டு இறுக்கித் திருப்பி, மெல்ல ஆட்டி வெளியே எடுப்பார். உள்ளே இருக்கும் சிறு தகடுகள் எங்கே தடுத்தனவோ அங்கே கரி தேய்ந்து உலோகம் மின்னும். மின்னிய இடத்தில் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி பூட்டு, மறுபடி அரம். ஒரு தகடு தன் உயரத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்த இடத்தில் தடம் விழாது. எல்லா இடத்திலும் தடம் நின்றதும் பூட்டு தானே திரும்பும். பூட்டைக் கழற்றாமல், அதன் உள்ளே எட்டிப் பார்க்காமல், கரியில் விழுந்த கீறலை மட்டும் படித்துச் செய்த வேலை அது. அதைப் படிப்பு என்றே சொல்வேன். வேறு எந்தச் சொல்லும் அதற்குப் போதாது.

அந்தச் சாவிக்கு ஒரு பலவீனம் உண்டு. உருவம் கிடைத்தால் போதும், யாரும் இன்னொன்று செய்துவிடலாம். சோப்புக் கட்டியில் அழுத்திய அச்சோடு வருகிறவர்கள் இருந்தார்கள். எவ்வளவு காசு நீட்டினாலும் அப்பா தொடமாட்டார். "சாவியக் கொண்டா, இல்ல பூட்டக் கொண்டா. ரெண்டும் இல்லாம வந்து நின்னா நீ யாருன்னு எனக்கு எப்படிடே தெரியும்?" என்பார்.

இரண்டாவது காலம் பிரான்ஸில் பிறந்தது. 1982-ல் ரெனோ ஃபுயேகோ காரில், தள்ளி நின்றே கதவைத் திறக்கும் ரிமோட் வந்தது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ். தொடக்கத்தில் அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்தது. காரை நோக்கி நீட்டினால்தான் கேட்கும். பிறகு ரேடியோவுக்கு மாறியது. இன்று நம் ஊரில் ஓடும் கார்களின் சாவிகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. ஆனால் எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பிய பழைய ரிமோட்டுகளைத் திருடர்கள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து, சொந்தக்காரர் போன பிறகு திருப்பி ஒலிபரப்பினார்கள். சோப்பு அச்சு காற்றிலேயே எடுக்கப்பட்டது.

அதற்குப் பதில் சொன்னவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். நானோடெக் என்ற கம்பெனியில் 1980-களில் உருவான கீலாக் முறையில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு மாறும். 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனி அதை வாங்கியது. இரண்டு பங்காளிகள் ஆளுக்கொரு நோட்டில் ஒரே கணக்கை எழுதி வருவது போல, சாவியும் காரும் தனித்தனியே எண்ணிக்கை வைத்திருக்கும். சாவி அனுப்பும் எண், கார் வைத்திருக்கும் எண்ணைவிடக் கொஞ்சம் முன்னே இருந்தால் பரவாயில்லை. கீலாக் முறையில் வழக்கமாக 16 வரை பொறுத்துக்கொள்ளும். அதையும் தாண்டிவிட்டால் முதல் அமுக்கலை ஏற்காது. அடுத்தடுத்த இரண்டு எண்கள் தொடர்ச்சியாக வந்தால் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

குற்றாலத்து லாட்ஜ்களில் இது அடிக்கடி நடப்பதுதான். மழையில் வெளியே போக முடியாத குழந்தை மாடி அறையில் சாவியை அமுக்கி அமுக்கி விளையாடும். கார் தெருக்கோடியில் நிற்கும். அதன் காதில் ஒன்றும் விழாது. காலையில் குழந்தையின் அப்பா பதறிப்போய் எனக்குப் போன் செய்வார். காருக்குப் பக்கத்தில் நின்று பூட்டும் பட்டனை நிறுத்தி நிதானமாக இரண்டு மூன்று முறை அமுக்குங்கள் என்பேன். பாதிப் பேருக்கு அதோடு முடிந்துவிடும். சில வண்டிகளில் இக்னிஷனை ஆன் செய்து பட்டனைச் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும், காரோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது காலம்தான் எங்கள் தொழிலைப் புரட்டிப்போட்டது. 1986 மாடல் கார்வெட் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் சாவித் தண்டிலேயே ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. 15 அளவுகளில் ஒன்று; அளவு பொருந்தாவிட்டால் இன்ஜின் கிளம்பாது. பிறகு ஐரோப்பாவில் கார் திருட்டு பெருகியபோது, சாவிக்குள் சிப் வைக்கும் முறை பரவியது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுக் கார்கள் அனைத்துக்கும், உரிய சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர் கட்டாயமானது. அந்தச் சிப்புக்கு பேட்டரி வேண்டாம். இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை வீசும். அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்லும்.

2000-களில் அது இங்கே வந்து சேர்ந்தபோது அப்பா திகைத்துப்போனார். கச்சிதமாக அவர் வெட்டிய சாவி பூட்டைத் திருப்பும். இன்ஜின் ஒரு நொடி பிடித்து அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அரத்தால் எட்ட முடியாத இடத்துக்குப் பூட்டு போய்விட்டிருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியைச் செருகி, ரகசிய எண்ணைக் கொடுத்து, இந்தச் சாவி இந்தக் காருக்கு உரியது என்று பதியும் வேலையை நான் கற்றுக்கொண்டேன். பல வண்டிகளில் புதுச்சாவி பதியும்போது பழையவற்றின் பதிவு அழிந்துவிடும். வீட்டில் இருக்கிற எல்லாச் சாவியையும் கொண்டுவரச் சொல்வது அதனால்தான். கொல்லத்துக்காரர் ஒருவர் இரண்டாவது சாவியை வீட்டில் விட்டு வந்திருந்தார். "சேட்டா, பரவாயில்லை, ஒன்றை மட்டும் பதியுங்கள்" என்றார். நான் பதியவில்லை, ஊருக்குப் போய் இரண்டையும் சேர்த்துப் பதியச் சொல்லி அனுப்பினேன்.

சரி, அருவியில் நனைந்த சாவிக்கு வருவோம். மூன்று காலங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். முதலில் இரும்பு. பட்டன் ஸ்டார்ட் காரின் சாவிக்குள்ளும் சிறு இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். ஓரத்திலுள்ள கொக்கியைத் தள்ளினால் வெளியே வரும். கதவு திறந்தால் சைரன் அலறக்கூடும், பயப்பட வேண்டாம். அடுத்து சிப். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டினாற்போலப் பிடித்து அமுக்கினால் பல மாடல்களில் இன்ஜின் கிளம்பிவிடும். சிலவற்றில் அதற்கென்று தனி இடம் உண்டு. கிளம்பினால் சிப் பிழைத்திருக்கிறது. குடும்பம் ஊர் போய்ச் சேரலாம். மிச்சம் ரேடியோ. உள்ளே நுழைந்த நீர் பட்டனின் தொடுமுனைகளை இணைத்துவிடும். யாரோ இடைவிடாமல் அமுக்கிக்கொண்டிருப்பதாகச் சாவி நம்பும். 3 வோல்ட் பொத்தான் பேட்டரி வடிந்துபோகும். ஆகவே பட்டனை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்காமல் உடனே பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஓட்டைப் பிரித்துத் துடைத்து நிழலில் உலரவிட வேண்டும். அரிசியில் புதைப்பதை நான் ஆதரிப்பதில்லை. தவிட்டுத் தூசி உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது.

குற்றாலத் தண்ணீர் நல்ல தண்ணீர். ராமேசுவரத்தில் கடலில் நனைந்த சாவியின் செம்புத் தடங்களில் பச்சை பூத்துவிடும். அருவியில் நனைந்தது அன்றே பிரித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். என்னை அதிகம் படுத்தியது தண்ணீரைவிட எண்ணெய்தான். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதே குற்றாலக் குளியலாக இருந்த காலத்தில் நனைந்த சாவிகளைத் திறந்தால், மணலும் எண்ணெயும் பட்டனடியில் சேறாக இறுகியிருக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை விதித்த பிறகு அது குறைந்துவிட்டது. அருவிக்காக விதித்த தடை என் வேலையையும் சுத்தமாக்கியது.

இருந்த ஒரே சாவியும் வெள்ளத்தோடு போய்விட்டால்தான் பெரும்பாடு. திடீரென்று நீர் பெருகி எல்லோரையும் வெளியேறச் சொல்லும்போது, தடாகத்தில் விழுந்த சாவியை யார் தேடுவது? அப்போது இரும்பையும் புதிதாக வெட்ட வேண்டும், சிப்பையும் புதிதாகப் பதிய வேண்டும். சில மாடல்களுக்கு என் கருவி போதாது. திருநெல்வேலிக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டியிருக்கும். எது எப்படியானாலும் ஆர்சி புத்தகமும் அதே பெயரில் ஓர் அடையாள அட்டையும் பார்க்காமல் நான் சாக்கெட்டில் கை வைப்பதில்லை. நடு ராத்திரி, மழை, அழுகிற குழந்தை, எதுவானாலும் சரி. செல்போனில் வரவழைத்துக் காட்டட்டும், காத்திருக்கிறேன். நோட்டில் வண்டி எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே வேலை. அப்பா சோப்பு அச்சைத் திருப்பி அனுப்பியதும் இதுவும் ஒரே வேலைதான்.

பழைய கார் வாங்குகிறவர்கள் டயரையும் இன்ஜினையும் சோதிக்கிறார்கள், எத்தனை சாவி என்று கேட்பதில்லை. கேளுங்கள். ரகசிய எண் எழுதிய அட்டை இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். ஒரு சாவிதான் என்றால் அது உயிரோடு இருக்கும்போதே இரண்டாவதைப் பதிந்து, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஐந்தருவிக்குக் கிளம்புங்கள்.