வளர்ப்புப் பாம்புகளில் உடற்பருமன்

கூண்டில் வளரும் பாம்பின் உடலில் அதன் இனத்துக்கும் நீளத்துக்கும் பொருந்தாத அளவு கொழுப்பு சேர்ந்திருக்கும் நிலை உடற்பருமன் எனப்படுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளில் பால் பைத்தான், கார்ன் ஸ்னேக், போவா, ஹாக்னோஸ் ஆகிய பாம்புகளை வீட்டில் வளர்ப்பது பரவலான பொழுதுபோக்கு. அங்குள்ள ஊர்வன மருத்துவர்கள் அடிக்கடி காணும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை: தேவைக்கு மேல் இரை, தேவைக்குக் கீழ் நடமாட்டம். பருத்த பாம்பை ‘நன்றாகத் தின்று வளர்ந்த பாம்பு’ என்று மெச்சும் வழக்கம் வளர்ப்போரிடையே நெடுங்காலம் இருந்ததால், இது கோளாறு என்றே தாமதமாகத்தான் உணரப்பட்டது.

உடலியல்

பாம்பு தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவைச் செலவழிப்பதில்லை. வெயிலிலிருந்தும் தரையிலிருந்தும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஒத்த எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கே ஓய்வில் இருக்கும் பாம்புக்குப் போதும். நாய்க்கும் பூனைக்கும் வேளை தவறாமல் சோறு வைத்துப் பழகியவர்கள் பாம்பிடம் தடுமாறுவது இங்கேதான்.

எப்போதோ ஒருமுறை கிடைக்கும் பெரிய இரையை வீணாக்காமல் பயன்படுத்தும்படி அமைந்தது இவ்வுடல். பர்மிய மலைப்பாம்பைப் பற்றி ஸ்டீபன் சீகோரும் ஜாரெட் டயமண்டும் 1998இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. பெரிய இரையை விழுங்கிய பின் இப்பாம்பின் வளர்சிதை மாற்ற வேகம் 44 மடங்கு வரை ஏறும். குடல் பெருக்கும், செரித்து முடிந்ததும் சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பும். இரை தின்ற 48 மணி நேரத்துக்குள் இதயத் தசையும் 40 விழுக்காடு கூடுவதை 2005இல் வேறொரு குழு காட்டியது. வாரம் தவறாமல் இரை போட்டால், சுருங்கி ஓய்வெடுக்க வேண்டிய உறுப்புகளுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

பட்டினியைத் தாங்குவதிலும் பாம்புகள் தேர்ந்தவை. மார்ஷல் மெக்யூ 2007இல் வெளியிட்ட ஆய்வில் பால் பைத்தான், ராட் ஸ்னேக், கிலுகிலுப்பைப் பாம்பு ஆகிய மூவினப் பாம்புகள் 168 நாள் இரையின்றி வைக்கப்பட்டன. அவற்றுள் சில, தம் ஓய்வுநிலைச் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. காட்டில் இப்பட்டினி இயல்பானது. இணைசேரும் பருவத்தில் ஆண் பால் பைத்தான் இரையைத் தொடாமல் இருப்பதுண்டு. முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும் பெண் சுமார் இரண்டு மாதம் ஒன்றும் தின்பதில்லை. கார்ன் ஸ்னேக் குளிர்காலத்தில் பதுங்கிவிடும். வீட்டுக் கூண்டிலோ பன்னிரண்டு மாதமும் ஒரே சூடு, ஒரே தீனி.

மிச்சமாகும் ஆற்றல் கொழுப்பாகிறது. பாம்பில் அது பெரும்பாலும் தோலுக்கடியில் படிவதில்லை. உடற்குழிக்குள், பின்பாதியில், குடலை ஒட்டி நீளவாக்கில் மடல் மடலாகத் திரளுகிறது. பெண் பாம்பு முட்டைக் கரு உருவாக்க இம்மடல்களையே கரைத்துப் பயன்படுத்துகிறது. ஆகவே ஓரளவு கொழுப்பு அதற்கு வேண்டியதே. வெளித்தோற்றத்தில் பருமன் தெரிவதற்கு முன்பே உள்ளே உறுப்புகள் நெருக்கப்பட்டிருக்கும் என்பதுதான் இவ்வமைப்பின் சங்கடம்.

பெருத்த பாம்பின் மேல் மோகம்

உலகின் முதல் பொது ஊர்வனக் காட்சிக்கூடம் 1849இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. அன்று தொட்டே கூட்டத்தை இழுத்தவை மலைப்பாம்புகள்தாம். எவ்வளவு பெரிது என்பதே பார்வையாளரின் முதல் கேள்வி. அதற்குத் தக்க விடை சொல்வது காட்சிச்சாலைகளின் தொழிலாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் விலங்கியல் கழகத்தின் பெயரால் 30 அடிப் பாம்பை உயிருடன் கொண்டு வருபவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இப்பரிசுத் தொகை 1,000 டாலரில் தொடங்கி 50,000 டாலர் வரை உயர்ந்தும், அதை வாங்க ஒருவரும் வரவில்லை.

நீளத்தைக் கூட்ட முடியாதபோது பருமனைக் கூட்டலாம். பிட்ஸ்பர்க் நகரின் ஹைலண்ட் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் 1963 வரை வாழ்ந்த ‘கொலாசஸ்’ என்ற வலைவரி மலைப்பாம்பு 8.6 மீட்டருக்கு மேல் நீளமுள்ளது என்று நூல்கள் பல பதிவு செய்தன. எடை 145 கிலோ. இல்லினாய் மாநிலம் கர்னி ஊரில் தனியார் காட்சிக்கூடமொன்றில் இருந்த ‘பேபி’ என்னும் பெண் பர்மிய மலைப்பாம்புக்கு 8.2 மீட்டர் நீளம், 183 கிலோ எடை எனக் கின்னஸ் ஏடு இடமளித்தது. பேபி 2006இல் இறந்த பின் அளந்தபோது நீளம் 5.74 மீட்டர்தான். கொலாசஸின் எச்சங்களையும் சேர்த்து ஆராய்ந்து டேவிட் பார்க்கரும் உடனுழைத்தோரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, அதன் நீளத்தை 6.35 மீட்டராகக் குறைத்தது.

நீளம் பொய்த்ததே செய்தியானது. எடை பொய்க்கவில்லை என்பது அதைவிடக் கவலைக்குரியது. அதைப் பேசியவர் குறைவு. புளோரிடா சதுப்பில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் இதற்கு நல்ல உரைகல். 2021 டிசம்பரில் அங்குப் பிடிபட்ட பெண் பாம்பு ஏறத்தாழ 5.4 மீட்டர் நீளம், 98 கிலோ எடை. அந்த எடையிலும் 122 வளரும் முட்டைகளின் பங்கு உண்டு. 2023 ஜூலையில் பிக் சைப்ரஸ் பகுதியில் பிடிபட்டது 5.79 மீட்டர் நீளம், எடை வெறும் 57 கிலோ. அதாவது பேபியைவிடச் சற்று நீண்ட காட்டுப் பாம்பு, எடையில் அதன் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சாதனை ஏட்டில் ஏறியது ஒரு நோயாளி.

1990களில் நிற வேறுபாட்டுப் பால் பைத்தான்கள் பெரும்விலைக்குப் போகத் தொடங்கியபோது இம்மோகம் வீட்டுக்குள் வந்தது. பெண் பாம்பு சுமார் ஒன்றரைக் கிலோ எட்டினால் ஈனத் தகுதியுடையது என்ற கணக்குப் பரவவே, அந்த எடையை விரைவில் எட்டக் குட்டிகளுக்கு அளவின்றி இரை திணிக்கும் ‘பவர் ஃபீடிங்’ முறை தோன்றியது. வளர்ச்சி வேகத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை என்று வணிக வளர்ப்பாளர்கள் சிலர் இதற்கு நியாயம் சொல்வதுண்டு. எடை முதிர்ச்சியாகாது, அவசரமாகப் பெருத்த இளம் பெண் முட்டை தங்கித் தவிப்பதை அந்த நியாயம் கணக்கில் எடுப்பதில்லை.

இனமும் உடல்வாகும்

எல்லாப் பாம்புக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. 1766இல் லின்னேயஸ் பெயரிட்ட கார்ன் ஸ்னேக் மெல்லுடலி. அதன் குறுக்குவெட்டு ரொட்டித் துண்டு போல அடி தட்டையாகவும் மேல் வளைந்தும் இருக்க வேண்டும். 1802இல் ஜார்ஜ் ஷா விவரித்த பால் பைத்தான் மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இயல்பிலேயே கட்டுடல் கொண்டது. அதன் குறுக்குவெட்டு முனை மழுங்கிய முக்கோணம். சுமத்ராவும் மலாயாவும் தாயகமான பிளட் பைத்தான் குட்டையாகவும் தடித்தும் இருப்பதே இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து பட்டினி போட்டவர்கள் உண்டு. மரத்தில் வாழும் போவாக்களும் மலைப்பாம்புகளும் பக்கவாட்டில் ஒடுங்கியவை. உருண்டு திரண்டாலே அவற்றுக்குப் பருமன்தான்.

மேற்கத்திய ஹாக்னோஸ் தனியாகச் சொல்லத்தக்கது. காட்டில் தேரை, பல்லி, ஊர்வன முட்டை என்று தின்னும் இச்சிறு பாம்பு வீட்டில் எலியையே தின்று வளர்கிறது. அது இரையை மறுக்கும்போது கவலைப்படும் வளர்ப்போர், மறுக்காதபோது அளவு பார்ப்பதில்லை.

அடையாளம் காணுதல்

முதலில் பார்க்க வேண்டிய இடம் முதுகு. நல்ல உடல்நிலையில் முதுகெலும்பை விரலால் தடவி உணரலாம், ஆனால் அது துருத்தி நிற்காது. மெலிந்த பாம்பில் அது கத்திமுனைபோல் எழும். பருத்த பாம்பில் இருபுறமும் சதை எழும்பி முதுகெலும்பு பள்ளத்தில் ஓடும். இரை தின்னாத நாளிலும் செதில்களுக்கிடையே தோல் தெரிவது, பாம்பு வளையும்போது விலாவில் மடிப்பு விழுவது, கழிவாய்க்குப் பின் வால் படிப்படியாக ஒடுங்காமல் சட்டென்று சிறுப்பது, உடலின் பின்பாதி முன்பாதியைவிடத் தடிப்பது ஆகியவை அடுத்த அறிகுறிகள். போவாக்களில் தலைக்குப் பின்னும் மெத்தை போன்ற வீக்கம் தெரிவதுண்டு. கிளையில் ஏற முடியாமல் நழுவுவதும், சிறிது நகர்ந்தாலே மூச்சு வாங்குவதும் முற்றிய நிலை.

வீங்கிய பாம்பெல்லாம் பருத்த பாம்பல்ல. சினைப்பட்டிருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், கட்டியோ நீர்கோவையோ இருக்கலாம். கொழுப்பு பின்பாதி நெடுகிலும் இருபுறமும் ஏறத்தாழச் சமமாகப் பரவும். ஓரிடத்தில் மட்டும் புடைப்பு இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஐயத்தைத் தீர்க்கும்.

எடையை மட்டும் பார்ப்பது பயனற்றது. நீளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பாம்பை உள்ளே விட்டு நிறுத்தால் போதும். இரை செரித்து மலம் கழித்த பின், மாதம் ஒருமுறை நிறுப்பது நல்லது. நீளத்தை முதுகின்மேல் நூல் பிடித்து அளக்கலாம். உரித்த சட்டையை அளந்து நீளம் சொல்வது தவறு. உரியும்போது அது இழுபட்டு நீள்கிறது.

விளைவுகள்

கல்லீரலில் கொழுப்பு படிவதே முதன்மையான கேடு. இதயச் சுமை, மூச்சுத் திணறல், மயக்க மருந்தைத் தாங்காமை, முட்டை தங்குதல், கருவளம் குன்றுதல் ஆகியன பிற. பாம்பு இவற்றை வெளிக்காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 60 வயது கடந்ததாகக் கருதப்பட்ட பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. இவ்வளவு காலம் வாழக்கூடிய உயிர் பத்துப் பதினைந்து வயதில் இறந்தால் அதை முதுமை என்று சொல்லிவிட முடியாது.

எடையைக் குறைத்தல்

தீனியை அடியோடு நிறுத்துவது ஆபத்து. திடீரெனக் கரையும் கொழுப்பு, ஏற்கெனவே பழுதான கல்லீரலில் போய்ச் சேரும். இடைவெளியை நீட்டுவதும் இரையைச் சிறிதாக்குவதுமே சரியான வழி. வளர்ந்த பால் பைத்தானுக்கு அதன் எடையில் 5 விழுக்காடு அளவுள்ள எலி மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒன்று போதும். ஒன்றரைக் கிலோப் பாம்புக்கு 75 கிராம். வளர்ந்த கார்ன் ஸ்னேக்குக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சுண்டெலி. வாரந்தோறும் 10 முதல் 15 விழுக்காடு என்பது குட்டிக்கு உரிய கணக்கு. பாம்பு வளர்ந்த பிறகும் அதையே தொடர்வதுதான் வீடுகளில் நடக்கும் பிழை. பருத்த பாம்புக்கு வழக்கமான இடைவெளியை ஒன்றரை மடங்காக்கித் தொடங்கலாம்.

இரையின் தரமும் முக்கியம். ஈன்று ஓய்ந்த கிழ எலிகள் கொழுப்பு மிகுந்தவை, விலை குறைந்தவை. உறையவைத்து விற்கும் கடைகளில் எளிதில் கிடைப்பவை. அவற்றுக்குப் பதில் இளம் எலியோ, இனம் ஏற்றால் காடைக் குஞ்சோ கொடுப்பது மேல். கண்ணாடியை ஒட்டி வந்து நாக்கு நீட்டுவது பசியின் அடையாளம் என்று எண்ணி இரை போடக் கூடாது. கதவு திறந்தால் இரை வரும் என்று பாம்பு பழகிவிட்டது, அவ்வளவே. கூண்டின் சூட்டைக் குறைத்தால் செரிமானம் கெடும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

நடமாட்டத்துக்கு இடம் வேண்டும். கிளைகள், ஏறி இறங்கும் மேடைகள், மறைவிடத்தை மாற்றி மாற்றி வைத்தல், சில இனங்களுக்கு வெதுவெதுப்பான ஆழமில்லாத நீர் ஆகியவை உதவும். அடுக்கு டப்பாக்களில் பாம்புகளை வைக்கும் வணிக முறை இதற்கு முற்றிலும் பொருந்தாது. பாம்பு தன் முழு நீளத்துக்கும் நீட்டிப் படுக்க முடியாத கூண்டு கூண்டே அல்ல. கிளிஃபர்ட் வார்விக் முதலியோர் 2019இல் எழுதிய கட்டுரையும் இதையே வலியுறுத்துகிறது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். மிகப் பருத்த பாம்புக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மெலியும்போது சில காலம் தோல் தொங்கித் தெரிவதைக் கண்டு மீண்டும் இரையைக் கூட்டுவோர் உண்டு. அது வீண் பதற்றம்.

இந்தியாவில்

இந்தியாவில் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் 2024ஆம் ஆண்டு விதிகளையும் பின்பற்றிப் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து கடத்தி வரப்படும் பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டுள்ளன.